மூச்சு விடும் பிரம்பு

மைக்கேல் மார்பர்கோ 1982இல் எழுதிய 'வார் ஹார்ஸ்' நாவலில் கதை சொல்வது குதிரையேதான். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஒரு குடியானவர் வீட்டில் வளரும் ஜோயி முதல் உலகப் போருக்காக ராணுவத்துக்கு விற்கப்படுகிறது. அதை வளர்த்த பையன் ஆல்பர்ட், அதைத் தேடிக்கொண்டு போர்முனைக்கே போகிறான். புத்தகத்தில் குதிரை பேசினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மேடையில் பேசினால் சிரித்துவிடுவார்கள். லண்டன் நேஷனல் தியேட்டர் 2007இல் இந்தக் கதையை நாடகமாக்கியபோது, முதல் வேலையாக ஜோயியின் வாயைக் கட்டிவிட்டது. நாயகனுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

நிஜக் குதிரையை மேடையேற்றுவதும் ஆகாத காரியம். குண்டுச் சத்தம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், எதிரே ஆயிரம் பேர்: அரை டன் மிருகம் மிரண்டால் யார் பிடிப்பது? இயக்குநர்களில் ஒருவரான டாம் மாரிஸுக்குத் தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மைக் குழு நினைவுக்கு வந்தது. எகிப்திலிருந்து 1826இல் பிரான்ஸ் மன்னருக்குப் பரிசாகப் போன ஒட்டகச்சிவிங்கியின் கதையை அவர்கள் ஏற்கெனவே நடத்தியிருந்தார்கள். பொய்க்கால் கட்டிய இருவர் உள்ளே நின்று அந்த ஒட்டகச்சிவிங்கியை நடக்கவைத்தார்கள். அதைச் செய்தவர்களுக்குக் குதிரை முடியாதா?

குழுவை நடத்திய ஏட்ரியன் கோலரும் பேசில் ஜோன்ஸும் எடுத்துக்கொண்ட பொருள் பிரம்பு. ஊறவைத்து வளைத்த பிரம்பால் விலாவும் கழுத்தும் கட்டி, உள்ளே அலுமினியத் தண்டுவடம் வைத்தார்கள். தோலுக்குப் பதில் மெல்லிய வலைத்துணி. அதன் வழியே எலும்புக்கூடும் தெரியும், உள்ளே இருக்கும் ஆட்களும் தெரிவார்கள். முழுசாக மூடித் தைத்திருக்கலாமே என்று தோன்றும். வேண்டுமென்றுதான் விட்டிருக்கிறார்கள். இந்த நாடகத்தின் சூட்சுமமே எதை முடிக்காமல் விடுவது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு குதிரைக்கு மூன்று பேர். தலையை ஆட்டுபவர் வெளியே நடந்து வருவார். முன்கால்களையும் மூச்சையும் கவனிப்பவர் உள்ளே. அவருக்குக் குழுவில் 'இதயம்' என்று பெயர். பின்கால்களும் வாலும் மூன்றாமவர் பொறுப்பு. உள்ளே இருக்கும் இருவரும் முதுகுப்பை மாட்டுவதுபோல் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆல்பர்ட் ஏறி உட்காரும்போது நிஜமாகவே ஒரு முழு ஆளின் பாரம் அந்த இருவரின் தோள்களில் இறங்குகிறது.

அவர்கள் கையில் இருப்பது சைக்கிள் பிரேக் மாதிரியான பிடிகள். விரலை இறுக்கினால் கம்பி இழுபட்டு முழங்கால் மடங்கும், குளம்பு மேலே சுருளும். பிடிகளைவிட அவற்றை இயக்கும் தாளம்தான் கடினம். நிதானமாக நடக்கும் குதிரை நான்கு கால்களையும் தனித்தனியாக ஊன்றுகிறது: பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது. ஓட்டநடைக்கு மாறியதும் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடி சேர்ந்து விழும். நாலுகால் பாய்ச்சலில் கணக்கு மறுபடி மாறும். ஆக, முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் இடையே உள்ள தாள இடைவெளி ஒவ்வொரு வேகத்துக்கும் வேறு. இத்தனைக்கும் அவரவர் சொந்தக் கால்கள் மனித நடையில் போய்க்கொண்டிருக்கும். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது சரியாகத் தெரியாது, 'இப்போது ஓடு' என்று சொல்லவும் வழியில்லை.

அப்படியானால் எதை வைத்துச் சேர்கிறார்கள்? மூச்சை வைத்து. 'இதயம்' முழங்காலை லேசாக மடக்கி நிமிரும்போது குதிரையின் முழு உடலும் இறங்கி ஏறும். பார்க்கும் நமக்கு அது சுவாசம். மற்ற இருவருக்கு அதுவே சமிக்ஞை. மூச்சு வேகமாகிறதா, குதிரை பயந்திருக்கிறது. மூச்சு மெல்ல அடங்கியதா, எதையோ கூர்ந்து கேட்கிறது. பொம்மை சும்மா நிற்கும் நேரத்தில்கூட மூச்சு மட்டும் நிற்கக்கூடாது. நின்ற நொடியே அது பிரம்புக் கூடையாகிவிடும்.

கனைப்பிலும் ஒரு தந்திரம் உண்டு. மனித நுரையீரல் கொள்வது சுமார் 6 லிட்டர். குதிரைக்கு ஐம்பதுக்கும் மேல், அதாவது வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன்கள் இரண்டரை. ஒற்றை ஆளின் கனைப்பு பாதியிலேயே காற்றுத் தீர்ந்து நின்றுவிடும். அதனால் ஒருவர் தொடங்க, அடுத்தவர் நடுவில் வாங்க, மூன்றாமவர் மூக்கொலியில் முடித்துவைப்பார். காதில் விழுவது ஒரே தொண்டை.

ஜோயியின் கண் அசையாது. உணர்ச்சியைக் காட்டும் வேலையைக் காதுகள் செய்கின்றன. நிஜக் குதிரையின் காது ஏறக்குறைய அரைவட்டம் திரும்பும். கவனம் எங்கே, கோபமா, அச்சமா என்பதெல்லாம் அதில் தெரியும். தலையை ஆட்டுபவரின் விரலில் அந்த இரண்டு காதுகளும் தனித்தனியாக இருக்கின்றன. எங்கோ கதவு சத்தம் கேட்டால் முதலில் ஒரு காது திரும்பும், பிறகுதான் தலை. இந்தச் சிறு தாமதத்தைப் பார்த்ததுமே நம் மூளை, இது தானாக யோசிக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறது. பக்கத்திலேயே முழு உருவமாக நிற்கும் ஆளை அதன்பிறகு நாம் பார்ப்பதே இல்லை. ஜோயியின் தோழனான டாப்தார்ன் சாகும் காட்சியில் குழு இதையே திருப்பிப் போட்டது. மூச்சு நிற்கிறது. உள்ளே இருந்தவர்கள் மெல்ல விடுபட்டு வெளியேறுகிறார்கள். இவ்வளவு நேரம் கண்முன்னே இருந்து நாம் பார்க்காத மனிதர்கள், உயிர் போகும்போதுதான் தெரிகிறார்கள்.

மற்றவர்களும் இதே சிக்கனத்தில் வேலை செய்தார்கள். மேடை வடிவமைப்பாளர் ரே ஸ்மித் வீடு கட்டவில்லை, வயல் போடவில்லை. கிராமத்து ஆட்களாக நடிப்பவர்கள் கழிகளை நீட்டிப் பிடித்தால் அதுதான் வேலி. மேடைக்கு மேலே, வரைபுத்தகத்திலிருந்து கிழித்தெடுத்த தாள்போல நீளமான ஒரு வெண்திரை. கதையில் வரும் ராணுவ அதிகாரி ஒருவர் படம் வரைபவர் என்பதால் அந்தத் தாள். டெவனின் குன்றும் பிரான்ஸின் போர்க்களமும் அதில் கோட்டோவியங்களாக ஓடும். மீதியைப் போல் கான்ஸ்டபிளின் ஒளியமைப்பும் கிறிஸ்டோபர் ஷட்டின் ஒலியமைப்பும் பார்த்துக்கொண்டன. குட்டி ஜோயி பெரிய குதிரையாகும் இடம் இவர்கள் எல்லாருக்கும் பரீட்சை. குட்டியை ஆட்டுபவர்கள் அதைச் சட்டென்று பிரித்துத் தூக்கிக்கொண்டு விலக, அதே இடத்தில் முழு வளர்ச்சியடைந்த ஜோயி பாய்ந்து வரும். ஆண்டுக்கணக்கில் வளர வேண்டியது சில நொடிகளில் வளர்ந்துவிடும்.

அந்த நொடிகளைப் பிடிப்பவர் மேடை மேலாளர். விளக்கோ ஒலியோ மாற வேண்டிய ஒவ்வொரு புள்ளிக்கும் நாடக உலகில் 'கியூ' என்று பெயர். பிரிட்டிஷ் அரங்குகளில் சிவப்பு விளக்கு எரிந்தால் தயாராகு, பச்சை எரிந்தால் செய். மேலாளர் பிரதியில் குறித்துவைத்து, ஹெட்செட்டில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். வசன நாடகத்தில் அவருக்குச் சொல் ஒரு பிடி. இங்கே நாயகனுக்குச் சொல்லே கிடையாது, குதிரையின் அசைவைப் பார்த்துத்தான் பச்சையைத் தட்ட வேண்டும்.

இவ்வளவு நுட்பத்துக்கும் நடுவில் கூஸ் வாத்து ஒன்று வரும். சக்கரத்தின் மேல் ஓர் உடல், நீட்டிய கழுத்து, தள்ளிக்கொண்டு வர ஒரே ஆள். வீட்டுக்குள் நுழையப் பார்ப்பதும் ஏமாறுவதுமாகச் சிரிப்பை அள்ளிக்கொண்டு போகும். நியூயார்க்கில் 2011இல் இந்த நாடகம் ஐந்து டோனி விருதுகளை வென்றது. இயக்கம், மேடை, ஒளி, ஒலி, சிறந்த நாடகம் என ஐந்தும் போக, ஹேண்ட்ஸ்பிரிங் குழுவுக்குத் தனியாக ஒரு சிறப்பு விருது. அதில் வாத்துக்கும் பங்கு உண்டு என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.