கேட்க மட்டுமே தெரிந்த தட்டு

மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒரு கேபிள் இறங்கி செட்டாப் பாக்ஸில் சேருகிறது. நூற்றுக்கணக்கான சானல்கள் அதன் வழியே வந்துவிடுகின்றன. அப்படியிருக்க, இப்போது விற்கும் பல பெட்டிகளில் இணையக் கேபிள் செருக ஓர் இடமோ, வைஃபை வசதியோ வைத்திருக்கிறார்களே, எதற்காக? வானத்திலிருந்து வருவது போதாதா?

செயற்கைக்கோள் ஒளிபரப்பு ஒருவழிப் பாதை என்பதே இதற்கு விடை. பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் செயற்கைக்கோள், எல்லோருக்கும் ஒரே அலைகளைப் பொழிகிறது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் மூலம் நம் நாட்டின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பிய சைட் திட்டத்திலும் இப்படித்தான். கிராமம் பார்த்தது, அதே வழியில் பதில் பேச முடியவில்லை.

டிஷ் திரட்டும் அலைகளின் அதிர்வெண் 11, 12 கிகா ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அவற்றை அப்படியே கேபிளில் அனுப்பினால் வழியிலேயே நலிந்துவிடும். ஆகவே டிஷ்ஷின் முன்னால் பொருத்திய எல்.என்.பி. என்ற கருவி, அதிர்வெண்ணை 1 முதல் 2 கிகா ஹெர்ட்ஸ் அளவுக்குக் குறைத்து, வலுவூட்டிக் கீழே அனுப்புகிறது.

பெட்டி மேலே எதையுமே அனுப்புவதில்லையா? அனுப்புகிறது! அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தம் மேலே போகிறது. எல்.என்.பி.க்கு அதுவே உணவு, அதுவே உத்தரவு. பரவலாகப் பயன்படும் வகையில், 13 வோல்ட் வந்தால் நெட்டாக அதிரும் அலைகளையும், 18 வோல்ட் வந்தால் கிடையாக அதிரும் அலைகளையும் அது தேர்ந்துகொள்ளும். என்ன அழகான சிக்கனம்! ஆனால் அந்தப் பேச்சு மாடியோடு நின்றுவிடும். செயற்கைக்கோளை எட்ட வேண்டுமானால் வீட்டுக்கு வீடு ஒரு பரப்பி வேண்டும்.

அப்படியானால், பணம் கட்டியதும் நம் பெட்டி மட்டும் எப்படித் திறந்துகொள்கிறது? ‘இந்த எண்ணுள்ள பெட்டியைத் திற’ என்ற செய்தியைச் செயற்கைக்கோள் நாடு முழுவதற்கும் அனுப்புகிறது. எல்லாப் பெட்டிகளுக்கும் அது கிடைக்கும். அந்த எண்ணுக்குரிய பெட்டி மட்டும் பணியும். அந்நேரம் பெட்டியின் சுவிட்சை அணைத்து வைத்திருந்தால் செய்தி தவறிவிடும்.

இணையம் வந்ததும் பெட்டிக்கு வாய் முளைக்கிறது. ரூட்டர் அதற்கு ஒரு முகவரி தருகிறது. நேற்றைய நிகழ்ச்சியை நாம் கேட்டால், அது நமக்கென்று தனியாக வருகிறது. இதற்கு விலையும் உண்டு. செயற்கைக்கோளுக்கு ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் ஒரே வேலைதான். இணையத்திலோ, பொதுவாக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தகவல் ஓடவேண்டும். கிரிக்கெட் இறுதிப் போட்டிக்கு டிஷ்ஷே உகந்தது என்பேன். ஆனால் கனமழை பெய்து நுண்ணலைகள் நலிந்து திரை உறைந்துவிட்டால், இணையம் கைகொடுக்கும்.

இன்னொன்று. வாய் முளைத்த பெட்டியால், எந்தச் சானலை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதையும் நிறுவனத்துக்குச் சொல்ல முடியும். டிஷ் மட்டும் இருந்தவரை அதற்கு வழியே இல்லை. இணைக்கும்போது திரையில் வரும் நிபந்தனைகளைப் படித்த பிறகே வீட்டுப் பெரியவர்கள் சம்மதம் தரட்டும். வேண்டாமென்றால் இணையத்தைத் துண்டித்துவிடலாம். மாடி வழியே வரும் சானல்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.