படகில் எரிவாயுக் குளிர்பெட்டி

நெருப்பைக் கொண்டு குளிரை உண்டாக்கலாம் என்றால் நம்புதல் அரிது. ஆயினும், 1922ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மாணவர்களான பல்சார் வொன் பிளாட்டன், கார்ல் முந்தர்ஸ் என்னும் இருவர் அதனைச் செய்துகாட்டினர். அவர்கள் அமைத்த குளிர்பெட்டியிற் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. சிறு சுவாலையொன்று நீரிற் கரைந்துள்ள அமோனியாவை ஆவியாக்கிப் பிரிக்கிறது. அவ்வாவி குளிர்ந்து திரவமாகி, ஐதரசன் நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. மின்சாரம் வேண்டாமையால், இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகள் பலவற்றில் இது இடம்பெற்றது.

ஆனால், வீட்டுக்கு ஏற்றது படகுக்கும் ஏற்றதாகுமா? புரோப்பேன் வாயு காற்றினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. வீட்டிற் கசிந்தால் அது கதவு வழியே வெளியேறக்கூடும். படகோ நீர் புகாவண்ணம் அமைந்த கிண்ணம். நீர் உட்புக வழியில்லாத இடத்தில், வாயு வெளியேறவும் வழியில்லை. கசிந்த வாயு அடித்தட்டின் கீழே தேங்கி நிற்கும். ஒரு லீற்றர் திரவப் புரோப்பேன் ஏறத்தாழ 270 லீற்றர் வாயுவாக விரிகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்று மேலாகக் கலந்தாலே தீப்பற்றும். குளிர்பெட்டியின் சுவாலையோ இரவுபகலாகத் தரைக்கு அண்மையில் எரிவது.

ஆதலால், சிலிண்டரை அறைகளோடு தொடர்பில்லாத தனிப்பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். அதன் அடியிலுள்ள துளை, நீர்மட்டத்துக்கு மேலாகப் படகின் புறத்தே திறத்தல் வேண்டும். சுவாலை அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் கருவி இன்றியமையாதது. குழாய் மூட்டுக்களைச் சவர்க்கார நீர் பூசியே சோதித்தல் வேண்டும்; தீக்குச்சி கொண்டு சோதித்தல் பேராபத்து. வாயுவுக்கு மணம் சேர்க்கப்பட்டிருப்பினும், தாழ்வாகத் தேங்குவதை மூக்கு அறியாது போகலாம். எனவே, வாயு உணர்கருவி படகின் அடிப்பகுதியிலேயே பொருத்தப்படும். பெற்றோல் நிரப்புமுன் சுவாலையை அணைத்துவிடல் வேண்டும். பெற்றோல் ஆவியும் காற்றினும் பாரமானதே.

மற்றோர் ஆபத்தும் உண்டு. காற்றுப் போதாமல் எரியும் சுவாலை காபனோரொட்சைட்டை வெளிவிடும். நிறமும் மணமுமற்ற அந்நஞ்சு உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்ல வல்லது. நீலச் சுவாலை நலமானது. மஞ்சட் சுவாலையும் கரியும் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளை அடைத்தலாகாது. புகை படகுக்கு வெளியே செல்லக் குழாய் அமைத்தலும், இந்நஞ்சை அறிவிக்கும் கருவியை வைத்தலும் அவசியம். படகு நெடுநேரம் சரிந்து நிற்பின், உள்ளே திரவம் ஓடாமல் குளிரும் குன்றும்.

வாயு மணம் வீசினால் மின்பொத்தான் எதனையும் தொடாது, சிலிண்டரை மூடி, யாவரும் கரையேறுதலே முதற்கடன். படகை விட்டு நீங்கும்போதெல்லாம் சிலிண்டரை மூடுவது, அக்கடன் நேராமற் காக்கும் சிறு பழக்கம்.