ஓடை நீரின் நலம் அறிவோமா?

"தெளிந்த நீர் தூய நீர்" என்பது நம்மில் பலரின் எண்ணம். பழனி மலைச் சரிவில், எங்கள் பள்ளிக்குப் பின்புறம் ஓடும் சிற்றோடையும் கண்ணாடி போலத்தான் தோன்றுகிறது. ஆனால் அதன் நலத்தை அறிய வேண்டுமானால் நீரைப் பார்த்தால் மட்டும் போதாது. அடியில் கிடக்கும் கல்லைப் புரட்ட வேண்டும்.

கல்லின் அடியில் வாழ்பவை முதுகெலும்பற்ற சிற்றுயிர்கள். பெரும்பாலும் பூச்சிகளின் இளம் பருவங்கள். மேஃபிளையின் குஞ்சுக்குப் பெரும்பாலும் மூன்று வால், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. கேடிஸ்ஃபிளைப் புழுக்களில் பல, பட்டு நூல் சுரந்து, மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிச் சட்டை தைத்துக்கொள்கின்றன. எங்கள் தையல் வகுப்பில் கூட அத்தனை நேர்த்தியைக் காண முடியாது!

இவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை நம்பி வாழ்பவை. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுதான் கரையும். மலையில் இன்னும் குறைவு. கழிவு கலந்தால், அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சிறிதளவையும் செலவழித்துவிடுகின்றன. அப்போது மேற்சொன்ன மூன்றும் மறையும். சேற்றில் வாழும் சிவந்த புழு மட்டும் தாக்குப்பிடிக்கும். அதன் உடலில் நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதே காரணம்.

நீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். அச்சோதனையும் தேவைதான். ஆனால் அது அந்த நேரத்து நீரைப் பற்றி மட்டுமே கூறும். நேற்றிரவு வந்த அழுக்கு இன்று காலை கடந்து போயிருக்கும். பூச்சிகளோ பல வாரங்கள், சில பல மாதங்கள் அங்கேயே வாழ்ந்தவை.

பிரிட்டனில் 1970-களில் இதற்கென ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதைத் தழுவிய முறையைக் கையாள்கிறது.

மழை வெள்ளம் பூச்சிகளை அடித்துச் சென்றுவிடும் என்பதால், சனவரி வரை காத்திருந்தோம். கொசுவலைத் துணியில் வலை தைத்து, அறிவியல் சிஸ்டருடன் ஓடையில் இறங்கினோம். (ஒரு தோழியின் காலில் அட்டை ஏறியதையும், அவள் போட்ட கூச்சலையும் இங்கே விவரிக்கவில்லை.) பள்ளிக்கு மேற்புறத்தில் தட்டையான மேஃபிளை 10, ஸ்டோன்ஃபிளை 10, கூடு கட்டும் கேடிஸ்ஃபிளை 10, தட்டான் குஞ்சு 8, வலை பின்னும் கேடிஸ்ஃபிளை 5, சிவந்த புழு 2 கிடைத்தன. ஆறு குடும்பங்களின் சராசரி 7.5. பள்ளிக்குக் கீழே நத்தை 3, அட்டை 3, சிவந்த புழு 2, மண்புழு இனம் 1. சராசரி 2.25 தான்! சிவந்த புழு இரண்டிடத்திலும் இருப்பதைக் கவனியுங்கள். அது இருப்பது குற்றமில்லை. மற்றவை இல்லாததே குற்றம்.

இரண்டு இடங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது? எங்கள் விடுதியின் துணி துவைக்கும் கல்லும், சமையலறைச் சாக்கடையும். இதை எழுதலாமா என்று தயங்கினோம். "கண்டதை எழுதுங்கள்" என்றார் மதர். சாக்கடை நீரை ஓடைக்குப் போகவிடாமல் திருப்பி, கல்வாழைப் பாத்தியில் பாய்ச்ச இப்போது கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அடுத்த சனவரியில் நாங்கள் இப்பள்ளியில் இருக்க மாட்டோம். வலையை ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.