கட்சி விட்டவரும் பதவி விடாதவரும்

ஒரு தலைவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வது குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். இஸ்ரேலின் முதிய தலைவர் ஷிமோன் பெரஸ் 2005-ல் தொழிற்கட்சியைத் துறந்து ஷாரோனுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டே புதுக் கட்சியின் பேரில் ஜனங்களிடம் வோட்டுக் கேட்டு நின்றார். எஹுத் பராக் செய்ததோ வேறு.

தொழிற்கட்சியின் தலைவராயிருந்த அவர், 2011 ஜனவரி 17-ந் தேதி, கட்சி மேலும் மேலும் இடதுபக்கம் சாய்கிறதென்று கூறி, சகாக்கள் நால்வருடன் விலகிப் புதுக் கட்சி கண்டார். பார்லிமெண்டில் அக்கட்சியினர் 13 பேர். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால்தான் சட்டம் பிரிவினையை ஒப்பும். ஐவர் பிரிந்தனர்; நால்வராயின் செல்லாது! அந்த ஐவரில் நால்வருக்கு நெதன்யாஹுவின் மந்திரிசபையில் ஆசனம். பாதுகாப்பு மந்திரி உத்தியோகம் பராக்கை விட்டு நகரவே இல்லை. கொள்கைக்காகப் பிரிந்தவர்களுக்கு இத்தனை சௌகரியம் வாய்ப்பது அபூர்வம்.

தம் அரசாங்கம் பலப்பட்டதென்று நெதன்யாஹு மகிழ்ந்தார். தொழிற்கட்சியில் எஞ்சிய எண்மருள் மந்திரிகளாயிருந்த மூவர் உடனே ராஜீநாமாச் செய்தனர். பழைய சகாக்கள் சந்தர்ப்பவாதம் என்று சீறினர். அச்சீற்றம் நியாயமென்றே கருதுகிறோம். 2009-ல் வோட்டர்கள் வோட்டளித்தது தொழிற்கட்சிக்கு. பிறவாத கட்சிக்கு அன்று.

அப்புதுக் கட்சி ஜனங்களின் தீர்ப்பைக் கேட்கவே இல்லை. 2013 தேர்தலில் அது நிற்கவில்லை. பிளவுண்ட தொழிற்கட்சி அத்தேர்தலில் 15 ஸ்தானங்கள் பெற்றது. 2019-ல் பராக் மீண்டும் தேர்தலுக்கு வந்தார். இம்முறை தொழிற்கட்சியினும் இடதுபக்கத்ததான மெரெட்ஸ் கட்சியோடு கூட்டு! ஜாபிதாவில் அவர் பெயர் பத்தாவது. கூட்டணிக்குக் கிடைத்த ஸ்தானங்கள் ஐந்து.