அயல்நாட்டுச் சிறையில் நம் பிள்ளைகள்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, மாலைப் பூசைக்குப் பின் ஓர் அம்மையார் ஆலய அலுவலகத்திற்கு வந்தார். மகன் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கியவர், கைப்பையிலிருந்து ஆங்கிலக் கடிதமொன்றை எடுத்து, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். அவர் மகன் என்னிடம் படித்தவன். சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் காவலில் இருந்தான். பிடிபட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. வெட்கத்தினால் அந்தத் தாய் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அன்று அவருக்கு விளக்கியதை மற்ற பெற்றோரும் அறிந்திருப்பது நலம் என்பதால் எழுதுகிறேன்.

நம் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நீக்கப்பட்டது. போதைப்பொருள் கடத்தலுக்கு நீதிபதி மரண தண்டனையோ, அதற்குப் பதில் ஆயுள் சிறையும் பிரம்படியுமோ விதிக்கலாம். ஆனால் பாலத்தைக் கடந்துவிட்டால் இச்சட்டம் நம்மோடு வராது. எந்த மண்ணில் பிடிபடுகிறோமோ, அந்த மண்ணின் சட்டமே பேசும்.

சிங்கப்பூரில் கலப்பற்ற ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 15 கிராம் என்பது ஏறக்குறைய நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைதான். பொட்டலம் ஒருவர் கையில் இருந்தால், அதனுள் இருப்பது இன்னதென்று அவர் அறிவார் என்றே சட்டம் அனுமானிக்கிறது. "நண்பன் கொடுத்தான், எனக்குத் தெரியாது" என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். 2013 முதல், வெறுமனே சுமந்து சென்றவர், கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசு வழக்குத்துறை சான்றளித்தால், நீதிமன்றம் ஆயுள் தண்டனையும் 15க்குக் குறையாத பிரம்படியும் விதிக்கலாம்.

பிள்ளை பிடிபட்டதாகத் தகவல் வந்தால் என்ன செய்வது?

முதலாவது, அந்நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு உடனே தெரிவியுங்கள். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி, காவலில் உள்ளவரைத் தூதரக அதிகாரிகள் சந்திக்கவும் வழக்கறிஞர் கிடைக்க உதவவும் உரிமையுண்டு. தண்டனையை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது, பணமில்லை என்று இடிந்துபோக வேண்டாம். சிங்கப்பூரில் மரண தண்டனைக்குரிய வழக்குகளில் அயல்நாட்டவருக்கும் இலவசமாக வழக்கறிஞர்களை நியமிக்கும் திட்டம் உள்ளது.

மூன்றாவது, உண்மையைத் தொடக்கத்திலேயே சொல்லும்படி பிள்ளைக்கு எடுத்துரையுங்கள். குற்றச்சாட்டின்போது தரும் வாக்குமூலத்தில் மறைத்ததைப் பின்னர் விசாரணையில் கூறினால், நீதிமன்றம் ஐயுறக்கூடும். "வழக்கைச் சரிக்கட்டித் தருகிறேன்" என்று பணம் கேட்டு வரும் தரகர்களிடம் ஏமாறாதீர்கள்.

முப்பது ஆண்டுக்கு மேல் நான் இலக்கணமும் கணக்கும் கற்பித்தேன். அடுத்தவர் பையை வாங்காதே, உள்ளே பார்க்காத வண்டியை எல்லைக்கு ஓட்டாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதை இப்போது ஆலயத்தின் ஞாயிறு சமய வகுப்பில் சொல்லிவருகிறேன்.

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அம்மையார் வெள்ளிதோறும் வந்து விளக்கேற்றுகிறார். அவர் அருகில் அமர இப்போது யாரும் தயங்குவதில்லை. இந்நிலையில் உள்ள குடும்பங்கள் ஒளிந்து வாழ வேண்டாம். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் அலுவலகத்தில் இருப்பேன். கடிதத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.