தாத்தாவின் துப்பாக்கியை விற்பதற்கு முன்

பெரியவர் காலமான பிறகு வீடு, நிலம், நகை பற்றியெல்லாம் உறவினர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். பீரோவுக்குள் துணியில் சுற்றி வைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி மட்டும் பேச்சு எழாது. பழைய ஜமீன் குடும்பங்களிலும், நீலகிரி, ஏற்காடு, வால்பாறை எஸ்டேட் வீடுகளிலும், பயிர்க் காவலுக்காக உரிமம் வாங்கிய விவசாயிகள் வீட்டிலும் இது இன்றும் நடக்கிறது. சில வீடுகளில் ஒன்றல்ல, மூன்று நான்கு துப்பாக்கிகள்கூட இருக்கும். அவற்றை என்ன செய்வது, யாரிடம் விற்பது, விற்கலாமா என்று யாருக்கும் தெரியாது. ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப் போடுகிறார்கள். ஆபத்து அந்தத் தள்ளிப்போடலில்தான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கி என்ற சொத்து வாரிசுக்கு வரும். அதை வைத்திருக்கும் உரிமை வராது. உரிமம் ஒரு தனி மனிதரின் பெயரில் தரப்படுவது. அவர் மறைந்ததும் அந்த உரிமத்தைக் காட்டி வீட்டில் வேறு யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்தின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ‘அப்பாவுடையதுதானே’ என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது.

முதல் நாள்: கை வைக்காமல் இருப்பது

எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் திறந்து பார்க்கவோ விசையை இழுத்துப் பார்க்கவோ கூடாது. குழந்தைகள் புழங்காத அறையில் பூட்டிச் சாவியை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் வாய் வழியாக மருந்து கெட்டித்து வைக்கும் நாட்டுத் துப்பாக்கியில் கூடுதல் கவனம் தேவை. அதில் மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆண்டுக்கணக்கில் கிடந்த கருமருந்தும் நெருப்புப் பட்டால் வெடிக்கும். பச்சை பூத்த, துருப்பிடித்த தோட்டாக்களை வெயிலில் காயவைப்பதோ, குப்பையில், கிணற்றில் போடுவதோ கூடவே கூடாது. தோட்டாவும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான். துப்பாக்கியோடு சேர்த்தே அதையும் ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது: ஒப்படைப்பது

சட்டத்தின் 21ஆம் பிரிவு வழியைச் சொல்கிறது. எந்தக் காரணத்தாலாவது ஆயுதம் வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, விதிகளுக்கு உட்பட்டு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். கடையில் ஒப்படைப்பதானால், பாதுகாப்பில் வைத்துக்கொள்ளும் அனுமதி அந்தக் கடைக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மாத வாடகையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமம் இல்லாத நீங்கள் துப்பாக்கியை வண்டியில் போட்டு எடுத்துப்போவதே சிக்கலாகலாம். ஆகவே மரணத்தையும், வீட்டில் உள்ள ஆயுதங்களின் விவரத்தையும் எழுதிக் காவல் நிலையத்தில் முதலில் கொடுங்கள். எப்படி, யார் முன்னிலையில் கொண்டுவருவது என்று அவர்கள் சொல்வதன்படி செய்யுங்கள். ஒப்படைத்த ரசீதில் தயாரிப்பாளர் பெயர், துப்பாக்கி எண், ‘போர்’ (bore) எனப்படும் குழல் அளவு, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.

ஒப்படைத்தால் பொருள் கைவிட்டுப் போய்விடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை. ஒப்படைத்த ஆயுதத்தை, தகுதி பெற்றதும் திரும்பப் பெறவும், தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் விதிகள் குறிக்கும் காலத்துக்குள் இதைச் செய்யாவிட்டால் அரசு அதைப் பறிமுதல் செய்துகொள்ளும். அதனால் ரசீதை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கி ஒன்று இன்னும் காவல் நிலையத்திலோ கடையிலோ கிடக்கலாம். பெரியவரின் கோப்பில் பழைய ரசீது இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

காகிதங்கள்

இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், பெரியவரின் அசல் உரிமப் புத்தகம், ஒப்படைத்த ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை வேண்டும். சம்மதக் கடிதத்தை லேசாக எண்ணாதீர்கள். வெளியூரில் இருக்கும் ஒரு தங்கை கையெழுத்துப் போடாததால் கோப்பு அப்படியே நின்றுவிடக்கூடும்.

உரிமத்தில் எழுதியிருக்கும் எண்ணும் துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது முக்கியம். தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ வேறு அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்பதை 8ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். எண்ணில் பொருத்தமில்லை என்றால் மறைக்காமல் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னையில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு அந்த அதிகாரியிடம் தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல் துறை விசாரணையும் உண்டு. முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 திருத்தம் அதை 2 ஆக்கியது. பரம்பரையாக வந்தவை என்றாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது. ஐந்து துப்பாக்கி இருந்த வீட்டில் ஒரே மகன் என்றால், மூன்றையாவது விற்றோ ஒப்படைத்தோ ஆக வேண்டும்.

விற்பதென்று முடிவானால், அதே அதிகாரியிடம் விற்பனை அனுமதி கேட்டு மனுச் செய்யுங்கள். உரிமம் பெற்ற கடைக்கு விற்பதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நிம்மதியான வழி. தனிநபருக்கு விற்றால், அவருடைய உரிமம் நடப்பில் உள்ளதா, அந்த வகைத் துப்பாக்கியை வாங்க அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸாப்பில் படம் போட்டு ஆள் தேடுவதும், முன்பணம் வாங்கிப் பொருளைக் கைமாற்றிவிட்டுக் காகிதத்தைப் பிறகு சரிசெய்யலாம் என்று நினைப்பதும் உங்களைத்தான் சிக்கவைக்கும். நாளை அந்தத் துப்பாக்கியால் ஒரு குற்றம் நடந்தால், பதிவேட்டில் இருக்கும் கடைசிப் பெயர் உங்கள் அப்பாவுடையது. விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும். அதனால் விற்ற ரசீதின் நகலுடன் அதிகாரிக்கு எழுதி, பழைய உரிமத்திலிருந்து அந்த ஆயுதம் நீக்கப்பட்டதா என்று உறுதி செய்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

.303 ரைஃபிள், 9 மி.மீ. பிஸ்டல் போன்றவை தடைசெய்யப்பட்ட ‘போர்’ வகை. அவற்றின் உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் விலை பேசவே வேண்டாம். ஒப்படைத்துவிட்டு, அடுத்து என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

பழம்பொருள் என்றால்?

பழைய மாதிரியாக, பழம்பொருள் மதிப்புடையதாக, அல்லது பழுதாகி, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் சுட முடியாது என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. தகுதியுள்ளவர் பார்த்து எழுதித் தர வேண்டும். 100 ஆண்டைத் தாண்டிய வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வேட்டைக்காரர் வீட்டில் துப்பாக்கியோடு புலித்தோலும் மான்கொம்பும் தொங்கும். அவற்றைச் சேர்த்து விலை பேசிவிடாதீர்கள். அவற்றுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

விலை

வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களில் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டதால், வெப்லி அண்ட் ஸ்காட், டபிள்யூ.டபிள்யூ. கிரீனர், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற பெயர்கள் பொறித்த பழைய துப்பாக்கிகளைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் உண்டு. குழலின் உட்புறம், மரக்கட்டையின் நிலை, அசல் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காகிதங்கள் ஆகியவற்றை வைத்தே விலை அமையும். இரண்டு கடைகளிலாவது கேளுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; அசல் மெருகு போனால் மதிப்பும் போகும்.

பெரியவர் இருக்கும்போதே

இத்தனை அலைச்சலையும் குறைக்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருப்பவர் 70 வயதை எட்டினாலோ, 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரைத் தாமே நியமித்து உரிமம் பெற வைக்கலாம். விற்க நினைத்தால், வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் கழிந்த பின் அவரே சட்டப்படி விற்கலாம். எந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது, எது பழுது, தோட்டா எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், சொத்து விஷயம் பேசும்போது இதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்க வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றி வைக்க வேண்டியதில்லை.