பொன் தேடிய ஆழத்தில் நியூட்ரினோ

வளிமண்டலத்தில் பிறந்து பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோக்களின் தடத்தை உலகில் முதன்முதலாக அச்சில் அறிவித்த ஆய்வுக்கட்டுரை, 1965 ஆகஸ்ட் 15 என்று தேதியிட்ட 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் வெளிவந்தது. அந்தத் தடம் பதிவான இடம் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இல்லை. பங்காருபேட்டை சந்திப்பில் பிரிந்து மாரிகுப்பத்தில் முடியும் கிளை ரயில்பாதையை ஒட்டிய கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள், தரைமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அது இருந்தது. தங்கவயல் என்றதும் பொன்னும், சயனைடு கழிவு மேடுகளும், தொழிலாளர் குடியிருப்புகளும் நினைவுக்கு வருகின்ற அளவுக்கு இந்த அறிவியல் வரலாறு நினைவுக்கு வருவதில்லை என்பது வருந்தத்தக்கது. ஏனெனில் இந்திய மண்ணில் நிகழ்ந்த இயற்பியல் சோதனைகளுள் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

அந்த ஆழம் அறிவியலுக்காக வெட்டப்பட்டதன்று. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் பொறுப்பேற்ற பின், வட ஆற்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பால் சுரங்கங்கள் கீழே கீழே இறங்கின. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் நெடுந்தொலைவுக் கம்பி வழியாக இங்கு வந்து சேர்ந்ததும், காற்றைச் செலுத்தவும் நீரை இறைக்கவும் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுகளை இயக்கவும் வலு கிடைத்து, ஆழம் மேலும் கூடியது. தங்கம் கலந்த பாறை அடுக்கு சரிந்து பூமிக்குள் செல்வதால், அதைப் பின்தொடர்ந்த சுரங்கமும் இறுதியில் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. மிக ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைக் கடந்தது. மேலிருந்து அழுத்தும் சுமையைத் தாங்காமல் பாறை திடீரென்று சிதறித் தெறிக்கும் 'ராக் பர்ஸ்ட்' என்னும் விபத்து, தொழிலாளர்களின் உயிரைக் குடிக்கும் நிரந்தர ஆபத்தாக இருந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைத் தந்த சுரங்கம், அதே வேளையில் யாரும் கேட்காமலேயே இயற்பியலாளர்களுக்கு வேறொன்றையும் தந்தது: விண்ணிலிருந்து பொழியும் துகள்கள் எட்டமுடியாத ஓர் இடம்.

காஸ்மிக் கதிர்கள் எனப்படுபவை விண்வெளியிலிருந்து பெருவேகத்தில் வரும், பெரும்பாலும் புரோட்டான்களான துகள்கள். இவை வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள அணுக்கருக்களை மோதி உடைக்கையில், பயான் என்னும் குறுகிய ஆயுள் கொண்ட துகள்கள் தோன்றுகின்றன. பயான் சிதைந்து, எலெக்ட்ரானைப் போல ஆனால் அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு நிறையுள்ள மியூவானையும், அதனுடன் ஒரு நியூட்ரினோவையும் பிறப்பிக்கிறது. மியூவானுக்கு மின்னேற்றம் உண்டு. ஆகவே அதைக் கருவியில் பதிவது எளிது. தரைமட்டத்தில் உள்ளங்கை அளவு பரப்பை நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் அவை கடந்து சென்றுகொண்டே இருக்கின்றன. நியூட்ரினோவின் இயல்போ இதற்கு நேர்மாறானது. கதிரியக்கச் சிதைவில் ஆற்றல் காணாமற்போவது போலத் தோன்றிய புதிரைத் தீர்க்க 1930இல் வொல்ஃப்காங் பவுலி கற்பனையில் முன்வைத்த இந்தத் துகள், மின்னேற்றமற்றது, பொருளுடன் மிக அரிதாகவே வினைபுரிவது. இதைக் கண்டறிய நடைமுறையில் வழியே இல்லை என்று 1934இல் ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ஃப் பையர்ல்ஸும் கணக்கிட்டனர். 1956இல் ஃபிரடெரிக் ரெய்ன்ஸும் கிளைட் கவனும் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலையிலிருந்து வெளிப்பட்ட நியூட்ரினோக்களைப் பிடித்துக் காட்டியபோது அந்த முடிவு மாறியது. ஆனால் அவை மனிதர் கட்டிய உலையில் பிறந்தவை. இயற்கை தானாக உண்டாக்கும் நியூட்ரினோவை அதுவரை எவரும் கண்டதில்லை.

அதைக் காண்பதில் இருந்த தடை, நியூட்ரினோவின் அருமை மட்டுமன்று, மியூவான்களின் மிகுதியும்தான். நியூட்ரினோ பாறையில் எப்போதேனும் மோதும்போது அதன் அடையாளமாக வெளிப்படுவதும் ஒரு மியூவானே என்பதால், வானத்திலிருந்து நேரே வந்த மியூவான்களின் கூட்டத்துக்குள் அதைத் தனியே பிரித்தறிய முடியாது. ஆகவே வானத்து மியூவான்கள் அனைத்தும் பாறையில் ஆற்றலிழந்து அடங்கிவிடும் ஆழத்துக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபாவின் ஊக்கத்தால் 1951இலேயே தங்கவயலுக்குள் இறங்கியிருந்தது. ஆழம் கூடக்கூட மியூவான்கள் எவ்வளவு குறைகின்றன என்பதை அளப்பது அப்போதைய நோக்கம்; பி. வி. ஸ்ரீகண்டனும் எஸ். நாரணனும் அந்த முதல் அளவீடுகளைச் செய்தனர். கோலார்ப் பாறை சாதாரணப் பாறையைவிடச் செறிவானது என்பதால், அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழம் என்பது ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீருக்கு அடியில் இருப்பதற்கு ஒப்பாகும். 1960களின் தொடக்கத்தில் பி. வி. ரமணமூர்த்தி, வி. எஸ். நரசிம்மம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாகே ஆகியோர் அளவீட்டை மேலும் ஆழத்துக்குக் கொண்டுசென்றனர். அவர்கள் 2,760 மீட்டரில் கருவிகளை இரண்டு மாதங்கள் இயக்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. வேறொரு சோதனையில் தோல்வியென்று தள்ளப்பட்டிருக்கக்கூடிய அந்த வெறுமையை, அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டனர்: வானத்து மியூவான்கள் இவ்வளவு ஆழத்தை எட்டவில்லையென்றால், இங்கே இனிப் பதிவாகும் மியூவான் நியூட்ரினோவின் பிள்ளையாகவே இருந்தாகவேண்டும். தங்கவயலின் அறிவியல் வரலாற்றில் உண்மையான திருப்பம் இதுதான்; பின்னர் வந்த கண்டுபிடிப்பு இந்த வெறுமையின் மேல் எழுந்தது.

டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் எம். ஜி. கே. மேனன் முன்னின்று உருவாக்கிய கூட்டு முயற்சியில், மும்பை, ஒசாகா ஆகியவற்றுடன் ஏ. டபிள்யூ. உல்ஃபண்டேல் இருந்த இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. ஹீத்கோட் ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழியை ஒட்டிய சுரங்கவழியில், வழக்கமாகச் செய்வதுபோலக் கருவிகளைத் தரையில் கிடத்தாமல், சுவர்களாக எதிரெதிரே நிறுத்தினர். இதில்தான் சோதனையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. செங்குத்தாக இறங்கும் துகளுக்கு 2.3 கிலோமீட்டர் பாறைதான் தடை. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து வரும் துகளோ அதைப்போல இருமடங்குப் பாறையைக் கடக்கவேண்டும். கிடைமட்டத்தை நெருங்க நெருங்க அந்தத் தடை பன்மடங்காகிறது. ஆனால் நியூட்ரினோவுக்குப் பாறையும் வெற்றிடமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அது எல்லாத் திசைகளிலிருந்தும், பூமியின் மறுபக்கத்திலிருந்தும்கூட, வந்துகொண்டிருக்கும். ஆகவே எதிரெதிர் நின்ற இரண்டு சுவர்களையும் பக்கவாட்டில் துளைத்துச் செல்லும் மியூவான், பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதியதால் பிறந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. துகள் பாயும்போது மின்னும் 'சிண்டிலேட்டர்' என்ற பிளாஸ்டிக் பலகைகளால் சுவர்கள் அமைந்தன. அவற்றின் நடுவே அடுக்கப்பட்ட, துகள் சென்ற வழியில் மட்டும் ஒளிரும் நியான் குழல்கள் அதன் பாதையைக் காட்டின.

இதே காலத்தில் ரெய்ன்ஸ், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில், 3.2 கிலோமீட்டர் ஆழத்தில், இதே வேட்டையில் இருந்தார். அவரது கருவியில் முதல் நிகழ்வு 1965 பிப்ரவரி 23 அன்று பதிவானது; கோலாரின் பதிவு அதற்குச் சற்றுப் பிந்தியது. எனினும் கோலார்க் குழுவின் கட்டுரை ஜூலை 12 அன்று இதழை அடைந்து ஆகஸ்ட் 15இல் வெளிவர, ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை ஜூலை 26 அன்று அனுப்பப்பெற்று ஆகஸ்ட் 30இல் வெளிவந்தது. முதலில் கண்டவர் ரெய்ன்ஸ், முதலில் அறிவித்தவர்கள் கோலார்க் குழுவினர் என்று இரு தரப்புக்கும் உரியதைக் கொடுப்பதே நேர்மை. கோலார்க் கட்டுரையில் ஐந்து இந்தியர், இரண்டு ஜப்பானியர், நான்கு ஆங்கிலேயர் எனப் பதினொரு பெயர்கள் உள்ளன. அந்த ஆழத்தை வெட்டியவர்கள், அதற்குக் காற்றையும் மின்சாரத்தையும் இடைவிடாமல் அனுப்பியவர்கள், கருவிகளைக் கூண்டில் இறக்கிய கைகளுக்குரியவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் இடம்பெறும் வழக்கம் இல்லை. ஆயினும் தங்கவயல் தமிழரின் வரலாற்றில் அவர்களுடைய பங்கைச் சொல்வது கடமையாகிறது.

அடுத்த பெரிய முயற்சி 1980இன் பிற்பகுதியில் தொடங்கியது. புரோட்டான் அழியாதது என்று கருதப்பட்டுவந்த நிலையில், அதற்கும் 1ஐ அடுத்து 31 சுழியங்கள் இட்ட எண்ணிக்கையிலான ஆண்டுகள் என்ற அளவில் ஓர் ஆயுள் உண்டு என அக்காலத்துக் கோட்பாடுகள் கூறின. அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆனால் அவ்வளவு புரோட்டான்களை ஒரே இடத்தில் குவித்தால், ஓராண்டில் ஓரிரண்டு சிதைவதைக் காணலாம். 140 டன் எடையுள்ள கருவியில், இரும்புத் தகடுகளுக்கிடையே 34 அடுக்குகளாகத் துகள் எண்ணும் குழாய்கள் வைக்கப்பட்டன. அக்கருவிக்குள் நாளொன்றுக்கு ஓரிரண்டு மியூவான்களே நுழைந்தன. சிதைவாக இருக்கலாம் என்று கருதத்தக்க சில நிகழ்வுகளைக் குழு வெளியிட்டது. ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்திலும் அமெரிக்காவிலும் அமைந்த மிகப் பெரிய நீர்க்கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. அதே கமியோக்காவில்தான் 1987இல் ஒரு விண்மீன் வெடிப்பின் நியூட்ரினோக்களும், 1998இல் ஒரு வகை நியூட்ரினோ மற்றொரு வகையாக மாறுவதற்கான சான்றும் கிடைத்தன. பின்னதற்கு அடிப்படை, கோலாரில் முதலில் அறிவிக்கப்பட்ட அதே வளிமண்டல நியூட்ரினோக்களே.

ஆழ்மட்டங்கள் கைவிடப்பட்டதால் 1990களின் தொடக்கத்தில் கோலார்ச் சோதனைகள் முடிவுக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. நீர் இறைப்பது நின்றதும் ஷாஃப்ட்டுகள் நிரம்பின. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கத்தின் விலையை வைத்துச் சுரங்கத்தை மதிப்பிட்டவர்கள், அந்த ஆழத்தையே ஒரு செல்வமாகக் கணக்கில் கொள்ளவில்லை. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கமும் ஏறத்தாழ அதே காலத்தில் மூடப்பட்டு, 2003இல் நீர் இறைப்பான்கள் நிறுத்தப்பட்டு நீரில் மூழ்கியது. ஆனால் அது அறிவியலுக்கென்று ஒதுக்கப்பட்டு, 2008இல் நீர் வெளியேற்றத் தொடங்கி, இன்று ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் ஆழத்தில் பெரும் நியூட்ரினோ கருவிகளை ஏற்கும் ஆய்வகமாக மாறியிருக்கிறது. ராக் பர்ஸ்ட் மிகுந்த கோலாரில் பெருங்குகை வெட்டுவது எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் சிறு கருவிகளுக்கேனும் ஒரு மட்டத்தைப் பாதுகாத்திருக்கலாம். 2017இல் ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் திறக்கப்பட்ட ஆய்வகத்தின் ஆழம் 555 மீட்டர் மட்டுமே. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் நியூட்ரினோ கருவி அமைக்கும் திட்டம், 2015இல் ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலைப் பெற்றும், மக்களின் எதிர்ப்பால் கட்டுமானத்தை எட்டவில்லை.

இதற்கிடையே தங்கவயலின் பழைய பதிவேடுகள் ஒரு கேள்வியை மிச்சம் வைத்திருக்கின்றன. 1975இல் வெளியான சில நிகழ்வுகளில், ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் கிளம்பின. அந்தப் புள்ளியோ பாறைக்குள் இல்லாமல், பாறைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட காற்றில் அமைந்திருந்தது. பாறையில் பிறந்து சிறிது தொலைவு பயணித்துச் சிதைந்த, அதுவரை அறியப்படாத துகள் ஒன்றே அதற்குக் காரணம் என அக்குழு கருதியது. துகள் முடுக்கிகளில் தேடியபோது அது அகப்படவில்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்துடன் தொடர்புடைய எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014இல் அவற்றை மீண்டும் எடுத்து ஆராய்ந்து, பிரபஞ்சத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் நிறைந்திருப்பதாகக் கருதப்படும் கரும்பொருளின் சிதைவாக அவை இருக்கக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தனர். அதை ஏற்கவோ மறுக்கவோ தேவைப்படுவது, மியூவான்கள் அரிதாகவே எட்டும் ஓர் ஆழமும் அங்கே பல ஆண்டுகள் விழித்திருக்கும் கருவியும்தான்.